மூக்குக்காரி சொன்னால் போகலாம்

பால் அடிபிடித்து அடுக்களையெல்லாம் புகை மண்டிய பிறகு மகள்தான் ஓடிவந்து அடுப்பை அணைத்தாள். அம்மா பக்கத்திலேயே, அடுப்புக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வீடே நாறுது! ஊருக்கெல்லாம் மூக்குக்காரி, வீட்டுப் பால் கருகினா தெரியாதா?"

"ஏதோ நெனப்புல இருந்துட்டேன்டி," என்று சிரித்து மழுப்பினாள். வேலைக்கு நடந்து போகும் வழியெல்லாம் அது மனதை உறுத்திக்கொண்டே வந்தது.

மூக்குக்காரி என்பது தோட்டத்தில் அவளுக்கு வைத்த பெயர். பிளாஸ்டிக் தாள் போர்த்திய வெள்ளரிக் குடில்களில் விடியற்காலையில் பூச்சிமருந்து அடித்துக் கதவைச் சாத்திவிடுவார்கள். எத்தனை நாள் கழித்து உள்ளே போகலாம் என்று டப்பாவில் பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதை யார் படித்தார்கள்? இவள்தான் கதவை ஒரு சாண் திறந்து, தலையை நீட்டி, மூச்சை இழுத்துப் பார்ப்பாள். தோட்டம் முழுக்க, கட்டியிருக்கும் துணி உட்பட, எப்போதும் மருந்து நெடிதான். அதில் பழைய நெடி எது, புது நெடி எது என்று பிரித்துச் சொல்ல அவள் ஒருத்தியால்தான் முடியும். அவள் 'போகலாம்' என்றால்தான் மற்றவர்கள் காலெடுத்து வைப்பார்கள். பதினொரு வருஷமாக அப்படித்தான் நடக்கிறது. மேஸ்திரி அவளுடைய கூடப்பிறந்த அண்ணன். கணவன் செத்த பிறகு அவளைக் கூட்டிவந்து இந்த வேலையில் நிறுத்தியவன். "என் தங்கச்சி மூக்கு மிஷினு" என்று பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையடிப்பான்.

அன்று மூன்றாம் குடில். உச்சி வெயில். கதவைத் திறந்ததும் வெக்கை முகத்தில் மோதியது. மூச்சை இழுத்தாள். ஒன்றுமில்லை. ஈர மண்ணின் வாசனைகூட வரவில்லை. எங்கேயோ இடித்தது. ஆனால் அண்ணன் தூரத்திலிருந்து 'என்ன?' என்று கையை ஆட்டினான். ஏழு பெண்கள் பின்னால் காத்து நின்றார்கள்.

"போகலாம்," என்றாள்.

ஏழாவது ஆள் அவள் மகள். போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். வாசலில் நின்று மூக்கைச் சுளித்தாள். "நெடி அடிக்குதேம்மா?"

"துணியில ஒட்டின பழசுடி. போ, போ."

அம்மா வெளியே நிழலில் உட்கார்ந்து காய்களைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளேயிருந்து வழக்கம்போல் கேலியும் சிரிப்பும், யாரோ யாருடைய மாமியாரையோ இழுத்துவைத்துப் பேசுவதும், அதற்கு நடுவே கத்தரிக்கோல்கள் காம்பை நறுக்கும் சத்தமும், காற்றில் தாள் படபடப்பதும் கலந்து வந்தன. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. அப்புறம் பேச்சு நின்றது. ஒரு இருமல். இன்னொரு இருமல். யாரோ காறித் துப்பினார்கள். பிறகு மறுபடி மறுபடி துப்பினார்கள். கத்தரிக்கோல் மட்டும் விடாமல் வெட்டிக்கொண்டிருந்தது.

நிமிர்ந்தபோது அண்ணன் முப்பதடி தள்ளி நின்றிருந்தான். மூக்கில் துண்டை வைத்து அழுத்தியிருந்தான்.

"ஏண்ணா மூக்கைப் பொத்திக்கிட்டிருக்கே?"

"சளி."

அவள் பக்கத்தில் தொட்டி கழுவ வைத்திருந்த பினாயில் பாட்டிலைத் திறந்து மூக்கருகில் பிடித்தாள். ஆழமாக இழுத்தாள். கண் எரிந்தது. வாசனை இல்லை. பச்சைத் தண்ணீரை முகர்ந்தது மாதிரி இருந்தது.

"அண்ணா, எனக்கு மூக்கு போயிடுச்சு."

அவன் திடுக்கிடவில்லை. அவளுக்கு அதுதான் முதலில் பயமாக இருந்தது.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"ரெண்டு மாசமா தெரியும்," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு. "மூடி திறந்த மருந்து டப்பாவை உன் முதுகுக்குப் பின்னாடி வச்சுப் பாத்தேன். நீ திரும்பவே இல்ல."

"ஏன் சொல்லல?"

"முன்னெல்லாம் நீ மறுநாள்தானே உள்ள விடுவே. இப்ப மத்தியானமே பறிச்சிடறோம், லாரிக்குக் காய் போயிடுது. நான் சொன்னா இவளுங்க போவாளுங்களா? நீ சொன்னாத்தான் போறாளுங்க."

இரண்டு மாசம். எத்தனை தலைவலி, எத்தனை வாந்தி. எல்லாம் வெயில் என்று இவளே ஆறுதல் சொல்லியிருக்கிறாள். இவள் வாயை வைத்தே அவர்களை உள்ளே தள்ளியிருக்கிறான், கூடப்பிறந்தவன்.

"என் பொண்ணு உள்ள இருக்காடா!"

"இத்தனை நாளா யாருக்கு என்ன ஆச்சு? இன்னிக்கு மருந்து மட்டும்..." நிறுத்தினான். "இன்னிக்குத்தான் கொஞ்சம் வேற மருந்து."

ஓடினாள்.

உள்ளே இலையெல்லாம் ஈரம். கைபட்ட இடமெல்லாம் பிசுபிசுப்பு. தாளைத் தாண்டி வந்த வெளிச்சம் கண்ணைக் கூசவைத்தது. மூச்சை இழுத்தாள். அப்போதும் ஒன்றுமில்லை.

முதல் வரிசையில் மூன்று பேர் தரையில். முழங்கால் மடங்கி. வாயோரம் எச்சில் வழிந்து சட்டை நனைந்திருந்தது. ஒருத்தியும் துடைக்கவில்லை. இரண்டாம் வரிசையில் இரண்டு பேர். அப்புறம் ஒருத்தி, நின்றபடியே. ஒரே காம்பை வெட்டிக்கொண்டிருந்தாள். அது எப்போதோ அறுந்துவிட்டது.

கடைசி வரிசை.

"அடியே!"

மகள் திரும்பினாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கண்மணி இரண்டும் ஊசிமுனை அளவுக்குச் சுருங்கியிருந்தன. கன்னத்துத் தோலுக்கடியில் ஏதோ நெளிந்தது. நின்றது. மறுபடி நெளிந்தது.

"அம்மா... அதுக்குள்ள இருட்டிடுச்சா?"

அவள் கையில் கத்தரிக்கோல் இல்லை. விரல்கள் மட்டும் மூடித் திறந்து, மூடித் திறந்து, வெறும் காற்றை வெட்டிக்கொண்டிருந்தன.

அம்மா அவளை இடுப்போடு சேர்த்துப் பிடித்து இழுத்தாள். கனத்தாள். கால் வரவில்லை. இவளுக்கும் வாயில் எச்சில் ஊற ஆரம்பித்தது.

"அண்ணா! ஒரு கை பிடிண்ணா! அண்ணா!"

கதவு திறந்துதான் இருந்தது. துண்டை முகத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டிக்கொண்டு அண்ணன் வாசலில் குனிந்திருந்தான். ஏழு பேரும் பறித்து நிரப்பி வைத்த பெட்டிகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை.