ஸ்கார்மியர் பட்டத்துக்கு ஒரு கொலை

"பெட்டியைத் திறங்க! அப்பாவைப் பரிசோதனை பண்ணணும்!"

குடும்ப சர்ச்சுக்குள் தாம்சினின் குரல் இடியாக இறங்கியது.

பாதிரியார் ஜெபத்தைப் பாதியில் விழுங்கினார். பெட்டிக்குள் அவள் அப்பா... எட்டாவது ஸ்கார்மியர் பிரபு!

"படிச்சுப் படிச்சு சொன்னேனே, அதை மட்டும் கேக்காதேன்னு!" சீறினாள் சித்தி லவீனியா. "உன்னைக் காலேஜுக்கு அனுப்பினதே தப்பு!"

முந்நூற்றைம்பது வருஷ வம்சத்தில் பரீட்சை எழுதித் தேறியவள் தாம்சின் ஒருத்திதான். மற்றவர்களுக்கு அந்த அவசியமே வரவில்லை.

முதல் பிரபு, தோற்று ஓடிய ராஜாவுக்குக் குதிரை கொடுத்தார். பட்டம் வந்தது. குதிரை வரவில்லை.

அப்புறம் மூன்று பிரபுக்கள் 'தவறி' விழுந்து செத்தார்கள். மூன்று முறையும் பட்டம் தம்பிக்கு!

பெண்ணுக்குத்தான் கிடையாதே...

எல்லாக் கண்களும் இப்போதைய தம்பி பெரெக்ரின் மேல் பாய்ந்தன.

"என்னை ஏன் பாக்கறீங்க? டாக்டரே மாரடைப்புன்னுட்டாரு!"

"உங்களைச் சொல்லல சித்தப்பா. கொலை பண்ண சுறுசுறுப்பு வேணும்."

தாம்சின் திரும்பினாள்.

"சித்தி! திங்கக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு யார் முதல்ல உள்ள போனது?"

"இதென்ன கேள்வி?"

"நம்ம வீட்டுல அந்தஸ்து வரிசைப்படிதான் சாப்பிட உள்ள போகணும். நான் பிரபுவோட பொண்ணு. நீங்க தம்பி பொண்டாட்டி. இத்தனை வருஷமா பல்லைக் கடிச்சுக்கிட்டு என் பின்னாலதான் வருவீங்க. அன்னிக்கு என்னை இடிச்சுத் தள்ளிட்டு முன்னாடி போனீங்க... பிரபுவோட மனைவி மாதிரி! பசிபோலன்னு விட்டுட்டேன். ஆனா, அப்பா தன் ரூம்ல செத்துக் கிடந்ததை நாங்க பார்த்ததே சாயங்காலம்தான்!"



"லவீனியா..." பெரெக்ரின் மனைவி பக்கம் திரும்பினார். "அன்னிக்குக் காலைல அண்ணனோட டீயை நானே கொண்டுபோறேன்னு பிடுங்கிட்டுப் போனியே..."

"யாருக்காகச் செஞ்சேன்? உங்களுக்காகத்தானே!"

சொன்ன பிறகுதான் உதட்டைக் கடித்தாள். தாம்சினின் கையைப் பற்றினாள்.

"வாயை மூடிக்கோ. இந்த மாளிகை உனக்கே!"

தாம்சின் கையை உதறினாள். வாசலை நோக்கி நடந்தாள்.

"எங்கடி போறே?"

"போலீசுக்கு வழி காட்ட. இங்க வர்றதுக்கு முன்னாடியே போன் பண்ணிட்டேன்."

"நான்... நான் ஸ்கார்மியர் பிரபுவோட மனைவி!"

"ஜெயில்ல அதெல்லாம் கிடையாது. நம்பர்தான்." கதவைத் திறந்தாள். "பெருமைப்படுங்க சித்தி... நம்ம வம்சத்துல அந்த நம்பரைச் சொந்தமா சம்பாதிச்ச முதல் ஆள் நீங்கதான்!"