ஒரு சாண் வாய்

திங்கட்கிழமை காலை ஆறேகால் மணிக்கு மிக்கேல் கண்விழித்தபோது படுக்கையறைக் கதவு ஆறிப்போயிருந்தது. கதவு இருந்த இடத்தில் ஒரு தழும்புகூட இல்லை. கைப்பிடி மட்டும் பாதி சுவருக்குள் புதைந்து நின்றது.

சாயா தம்ளரோடு வந்த ஜெனோவா, மூன்று அங்குலக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்ற புருஷனைப் பார்த்தாள். அவன் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. பிறகு அவளுடைய கைப்பேசி அடித்தது.

"ஏட்டி, வெளிய இருந்து ஏதும் பூட்டிட்டியா?"

"பூட்டுறதுக்குக் கதவு எங்க இருக்கு?" என்றாள் ஜெனோவா.

கடலோரம் முழுவதும் அப்போது தானாறிக் கண்ணாடியில்தான் குடியிருந்தது. புயலில் பறந்து வரும் கல் பட்டு மாலையில் விரிசல் விட்டால் விடிவதற்குள் தானாகவே கூடிவிடும். ஒவ்வொரு அறையும் ஒரே வார்ப்பு. நான்கு சுவர், தரை, கூரை எதற்கும் நடுவில் மூட்டு கிடையாது. தொட்டியில் குளிர்ந்த திரவத்திலிருந்து அறையை வளர்த்தெடுத்த பிறகுதான் கதவுக்கு வெட்டுவார்கள். கண்ணாடிக்கு அந்த வெட்டும் ஒரு காயம். அது ஆறிவிடாமல் இருக்க விளிம்பில் மஞ்சள் நிறத்தில் ஆறாப்பசை பூசியிருக்கும்.

அந்தப் பசையைச் சனிக்கிழமை திருவிழாவுக்கு வீடு கழுவும்போது ஜெனோவா சோடா உப்புப் போட்டுத் தேய்த்து எடுத்திருந்தாள். பார்க்க அழுக்கு மாதிரி இருந்தது. இதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

மத்தியானத்துக்குள் செய்யக்கூடியதை எல்லாம் செய்து பார்த்தார்கள். துளைப்பான் ஓர் அங்குலம் உள்ளே போனதும் கண்ணாடி அதைச் சுற்றி இறுகியது. அது இன்னமும் சுவரில் ஆணிபோல் நிற்கிறது. காற்றுக்குழாயும் மின்கம்பியும் விடியும் முன்பே நசுங்கித் துண்டாகியிருந்தன. வெடி வைத்தால் உள்ளே இருப்பவன் மிஞ்சமாட்டான். வீடுகளை வார்த்துக் கொடுத்த நிறுவனத்தின் பராமரிப்பு அதிகாரி நாடாவால் வெளியே அளந்து, தாளில் பெருக்கிப் பார்த்தார்.

"பத்தடிக்குப் பன்னிரண்டு, உயரம் ஒன்பது. ஓர் ஆள், அசையாமல் படுத்திருந்தால் மூடியதிலிருந்து எழுபத்திரண்டு மணி நேரம். அதாவது வியாழக்கிழமை விடியும்வரை மூச்சுக்குப் பயமில்லை."

"கதவு வெட்டுற உங்க ஆளுக எப்ப வருவாங்க?"

"வெளிநாட்டிலிருந்து வரணும். ஒன்பது நாள்."

அவர் தாளை நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அவள் தொழில் சுற்றுலாக் கூட்டங்களை அழைத்துப் போவது. வடக்கே பாலாற்றங்கரையில் மணற்பேட்டைக் கண்ணாடித் தெருவுக்கு எட்டு முறை ஆள் கூட்டிப் போயிருக்கிறாள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று உலையைப் பார்ப்பார்கள், கண்ணாடி மீன் வாங்குவார்கள், சாப்பிடப் போவார்கள். ஒருமுறைகூட அவள் அங்கே ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆனால் இந்த நிறுவனத்தாரில் ஒருவரும் சூடான கண்ணாடியைக் கண்ணால் கண்டதில்லை என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. தானாறி நெருப்பையே பார்க்காமல் பிறந்தது. நெருப்பில் வேலை செய்கிறவர்கள் அந்தத் தெருவில்தான் இருந்தார்கள்.

சாயங்கால ரயிலில் ஏறினாள். பையில் தானாறியில் செய்த ஒரு சோப்புப் பெட்டியும் கைத்துளைப்பானும் இருந்தன. மதுரை தாண்டியதும் மிக்கேலை அழைத்தாள்.

"சார்ஜ் எவ்வளவு இருக்கு?"

"நாப்பது. சுருக்கமாப் பேசு."

"என்ன அது சத்தம்?"

"கட்டில் காலைக் கழத்தி இடிச்சுப் பாக்கேன்."

"அசையக் கூடாதுன்னாங்கல்ல! படுங்களேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "இஞ்சாருங்க, பசையைத் தேச்சு எடுத்தது நாந்தான்."

"தெரியும். சனிக்கிழமையே பாத்தேன். ஏசுனா நல்ல நாளும் அதுவுமா மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவியேன்னு சொல்லாம விட்டேன்." கொஞ்ச நேரம் இரைத்தான். "ரெண்டு பேரும் சேந்துதான் மூடியிருக்கோம். அழாத. டிக்கெட் பரிசோதகர் என்னமோ ஏதோன்னு நெனைப்பாரு."

செவ்வாய் காலை ஒன்பதுக்கு முதல் பட்டறை. வாசலில் நின்றவர் அவளை அடையாளம் கண்டு சிரித்தார். "வாங்க மேடம், இன்னைக்கு எத்தினி பேரு?" அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் சோப்புப் பெட்டியை உலை வாயில் காட்டிச் சட்டென்று பச்சைத் தண்ணீரில் போட்டார். டப்பென்று வெடித்து நான்கு துண்டானது. வரிசையில் நின்ற சுற்றுலாக்காரர்கள் கைதட்டினார்கள். துண்டுகள் தொட்டியின் அடியில் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்துகொண்டன. அதற்கும் கைதட்டினார்கள்.

இரண்டாவது பட்டறையில் சோதனைக்கூடங்களுக்குக் குழாய் செய்கிறவர், பெட்டியை வாங்கிப் பார்க்காமலேயே திருப்பிக் கொடுத்தார். "இதத் தொட மாட்டேன்மா. இதாலதான் எங்க குழாய யாரும் இப்ப வாங்கறதில்ல."

மூன்றாவது பட்டறையில் பர்கத் நிஸா இருந்தாள். நாற்பத்தைந்து வயது, புருவம் பாதி கருகியிருந்தது. அவள் ஊதுவதில்லை. மற்றவர்கள் ஊதி வெட்டிக் கொடுக்கும் அத்தர் குப்பிகளுக்கு வாய் கட்டுவது மட்டும்தான் வேலை. வெட்டிய விளிம்பைச் சுடரில் காட்டிச் சுழற்றுவாள். கூர் இளகி உருண்டு உதடாகும். ஒரு நாளைக்கு முந்நூறு வாய்.

ஜெனோவா பெட்டியில் துளை போட்டுக் காட்டினாள். நான்கு நிமிடத்தில் அது மூடிக்கொண்டது.

"மூடாம இன்னா செய்யும்?" என்றாள் பர்கத். "நீ போட்டது வாயில்ல, புண்ணு. விளிம்பு கூரா இருந்தா அது ஒடஞ்ச எடம்னு கண்ணாடிக்குத் தெரியும். இன்னொண்ணு போடு."

ஜெனோவா போட்டாள். பர்கத் சுடர்க்கோலின் முனையைத் துளையில் காட்டி, பெட்டியை மெல்லச் சுற்றினாள். விளிம்பு சிவந்து, தளர்ந்து, உருண்டது. சூடான சாம்பலில் ஒரு மணி நேரம் புதைத்து எடுத்தாள். நான்கு நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. துளை அப்படியே இருந்தது.

ஜெனோவா அவள் கால்மாட்டில் உட்கார்ந்துவிட்டாள். "யக்கா..."

"இரு, இரு. உடனே கும்புடாத." பர்கத் பக்கத்தில் இன்னொரு துளை போடச் சொன்னாள். அதையும் நெருப்பில் காட்டினாள். ஆறியதும் அது மூடிக்கொண்டது. முதல் துளையைப் பெரிதாக்கிப் பார்த்தாள். சுடரை எடுக்கும் முன்பே அது பழைய அளவுக்குத் திரும்பியது. இரண்டு தடவை செய்து பார்த்தும் அதேதான்.

"புரிஞ்சிச்சா? பச்சையா வளந்த சாமான் இது. மொதத் தடவ நெருப்புல எளகறப்ப என்னா உருவம் கெடைக்குதோ, அத்தத்தான் தன் உருவம்னு எடுத்துக்குது. அப்புறம் நெருப்புக்கும் மசியாது. உங்க ரூமு ஒரே வார்ப்புன்னியே? அப்ப மொத்த ரூமுக்கும் ஒரே ஒரு வாய்தான். போடறப்பவே ஆள் வர்ற அளவுக்குப் போட்டுடணும்."

"போட்டுருவோம். எவ்வளவு நேரமாகும்?"

பர்கத் சுவரின் கனத்தைக் கேட்டு, விரல்களை மடக்கி எண்ணினாள். "ஒன்பது மணி நேரம். நடுவுல நிறுத்தக் கூடாது. கெளம்பு."

புதன்கிழமை காலை பத்தரைக்கு இருவரும் சிலிண்டர்களோடு குடியிருப்புக்கு வந்து சேர்ந்தார்கள். மிக்கேலின் கைப்பேசி விடிகாலையிலேயே அணைந்திருந்தது. அதிகாரி போட்ட கணக்குப்படி இன்னும் பத்தொன்பது மணி நேரம் இருக்க வேண்டும். ஆனால் அசையாமல் படுத்திருக்கும் ஒருவனுக்குப் போட்ட கணக்கு அது. திங்கள் இரவும் செவ்வாய் இரவும் அவன் கட்டில் காலால் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறான்.

அறையின் உட்சுவர் முழுக்க அவன் மூச்சு ஈரமாகப் படிந்திருந்தது. அதில் விரலால் 'தலை வலிக்கு' என்று எழுதியிருந்தான். வெளியே இருப்பவர்கள் வாசிப்பதற்காக எழுத்துகளைத் திருப்பிப் போட்டு எழுதியிருந்தான். கடைசி எழுத்து தரைவரை இழுபட்டிருந்தது. அதன் கீழே அவன் ஒருக்களித்துக் கிடந்தான். ஜெனோவா இரண்டு கையாலும் அறைந்தாள். அவன் திரும்பவில்லை. நெஞ்சு வேகமாக ஏறி இறங்கியது.

பர்கத் சுடரைப் பற்றவைக்காமல் நின்றாள்.

"தங்கச்சி, இங்க பாரு. கண்ணாடிய நெருப்பாலதான் அறுக்கணும். அறுக்கற வழியா நெருப்புக் காத்துதான் உள்ள போவும். ஒன்பது மணி நேரம் அந்தப் பொகைய உள்ள ஊதினா இவரு தாங்க மாட்டாரு."

"வேற என்ன செய்ய?"

"ஒரு சாண் அளவு போட்டா நாப்பது நிமிசத்துல ஆயிடும். நல்ல காத்து போவும்." பர்கத் கையை விரித்துச் சாண் காட்டினாள். "ஆனா ஒரு சாண் போட்டா அப்புறம் ஒரு சாண்தான்."

"சின்னதாப் போட்டு அத ஆறவிடாம வச்சிருந்தா? அப்புறம் பெருசாக்கலாம்ல?"

"ஆறவிடாம வெக்கணும்னா நெருப்ப எடுக்கக் கூடாது. நெருப்பு இருந்தா பொக."

ஜெனோவா அதிகாரியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் வராந்தாவின் மறுகோடிக்குப் போய் யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார். அவள் சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து நின்றாள். கேட்டுச் சொல்ல வேண்டியவன் உள்ளே கிடந்தான். அவனிடம் கேட்க வழியில்லை.

"போடுங்க," என்றாள்.

"நல்லா யோசிச்சுக்க. நாளைக்கு என்னத் திட்டக் கூடாது."

"யோசிச்சா செத்துருவாரு யக்கா. போடுங்க."

பதினொன்று ஐம்பதுக்கு வாய் திறந்தது. பர்கத் சுடரை அணைத்ததும் ஒரு மின்விசிறியை அதன் எதிரே பிடித்தார்கள். ஒரு மணி இருபதுக்கு மிக்கேல் இருமினான். இரண்டு மணிக்குத் தவழ்ந்து வந்து, இன்னும் சூடு ஆறாத கண்ணாடி உதட்டின் அருகில் முகத்தை வைத்து மூச்சை இழுத்தான். வெளியே கூடியிருந்த அக்கம்பக்கத்தார் கைதட்டினார்கள்.

"என்ன இவ்வளவு சின்னதா இருக்கு?" என்று கேட்டான்.

பர்கத் சுடர்க்கோலைத் துடைத்துப் பையில் வைத்தாள். அவன் ஜெனோவாவின் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டான். கண்ணாடி வாய் வழியே கையை நீட்டினான். தோள்வரை வந்தது. அவள் பிடித்துக்கொண்டாள்.

மறுவாரம் நிறுவனத்தின் ஆய்வறிக்கை வந்தது. சுவரில் குறை ஏதும் இல்லை, குடியிருப்பவர் நலம் என்று இருந்தது. மிக்கேல் கொடுத்த மனுவை 'சுவரைச் சேதப்படுத்தக் கோரிக்கை' என்ற தலைப்பில் பதிவு செய்து நிராகரித்திருந்தார்கள். ஒன்பது நாளில் வரவேண்டிய வெளிநாட்டு ஆட்கள், உயிருக்கு ஆபத்து நீங்கிவிட்டதால் புறப்படவே இல்லை.

மூன்றாம் மாதம் 'சாண்வாய்' என்ற பெயரில் விளம்பரம் வந்தது. உங்கள் அறைக்கும் ஒரு பாதுகாப்பு வாய். பசை போனாலும் மூச்சு போகாது. அதில் மிக்கேலின் கை வெளியே நீண்டிருக்கும் படம் இருந்தது. பர்கத்தைக் கூப்பிட்டார்கள். அவள் வர மறுத்தாள். நிறுவனம் தானே நாற்பது பேருக்குப் பயிற்சி கொடுத்தது.

ஜெனோவா ஒவ்வொரு வீடாகப் போனாள். வாய் போட்ட பிறகு அறை அதையே தன் உருவம் என்று எடுத்துக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு பசை பூசினாலும் கதவு நிற்காது என்று சோப்புப் பெட்டியைக் காட்டிச் சொன்னாள்.

"உங்க வீட்டுக்காரர் அதாலதானே பொழச்சாரு?" என்று கேட்டார்கள். ஜெனோவா சோப்புப் பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனாள்.

பக்கத்து வீட்டுப் பிளாவியாவுக்குக் கல்யாணமாகி நான்கு மாதம். அவள் நேரே மிக்கேலிடமே வந்து, வாயருகே குனிந்து கேட்டாள். "அண்ணே, போடலாமா வேண்டாமா? அவரு கப்பலுக்குப் போறாரு, தனியா இருக்கப் பயமா இருக்கு."

"போடாத மோளே. வீட்டை விட்டே ஓடிரு."

"நீங்க எப்பவும் கேலிதான்," என்று சிரித்துவிட்டுப் போனாள். திங்கட்கிழமை அவள் வீட்டுக்கு ஆட்கள் வந்து வாய் போட்டார்கள். கதவு விளிம்பில் புதுப் பசையும் இரண்டு பூச்சு பூசிவிட்டுப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை ஜெனோவா, இட்லியைப் பிட்டு மிக்கேலுக்கு உள்ளே கொடுத்துக்கொண்டிருந்தாள். வராந்தாவில் யாரோ கூப்பிட்டார்கள். உள்ளே திரை போட்டிருந்த அடுத்த வீட்டுச் சுவரின் வாயிலிருந்து வளையல் போட்ட ஒரு கை வெளியே நீண்டு அசைந்தது.

"யக்கா, கொஞ்சம் வாங்களேன். திரைக்குப் பின்னால கதவு எங்கயோ சிக்கிக்கிட்டு. நான் இழுக்கேன், நீங்க வெளிய இருந்து தள்ளுங்க."

ஜெனோவா எழுந்து போய்ப் பார்த்தாள். கதவு இருந்த இடத்தில் சுவர் வழவழவென்று இருந்தது. தள்ளுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

"தள்ளுதீங்களா யக்கா?"

"தள்ளுதேன்," என்றாள் ஜெனோவா. இரண்டு கைகளையும் கண்ணாடியில் ஊன்றி, பலங்கொண்ட மட்டும் தள்ளினாள்.