ஆறு நிமிடப் பதிவு

அந்த ஆறு நிமிடப் பதிவில் அவன் மூக்கைச் சொறியவே இல்லை. நன்றாக நினைவிருந்தது. காய்ச்சல் கண்ட முதல் நாளே தலை சீவி, சட்டை மாற்றி, கேமரா முன் உட்கார்ந்து தலையாட்டுவதைப் பதிவுசெய்து, அலுவலகக் கூட்டங்களில் தனக்குப் பதிலாக அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பாயில் சுருண்டு கிடந்தான். ஊரடங்கில் ஆள்குறைப்புப் பட்டியல் தயாராகிக்கொண்டிருந்தது. விடுப்பு கேட்பவன் பெயர்தான் முதலில் ஏறும்.

ஒன்பதாம் நாள், திரையில் இருந்தவன் மூக்கைச் சொறிந்தான்.

ஜுர மயக்கம் என்று நினைத்துக்கொண்டான். மூன்று வயது மகள் ஓடி வந்துவிடுகிறாள் என்று மனைவி அறையை வெளியே தாழிட்டிருந்தாள். ஒரே ஜன்னல், அதுவும் அடுத்த கட்டடத்தின் சுவரைப் பார்த்தபடி. வீட்டின் ஒரே கைபேசி அவளிடம். பதினான்கு நாள் முடிந்தால் கதவு திறக்கும். அது போதும்.

பன்னிரண்டாம் நாள் டீம் லீடர் கேட்டார்: “என்னப்பா, புகார் ஃபைல் வழக்கம்போல ஆடி அசைஞ்சுதான் வருமா?”

“காலையிலேயே அனுப்பிட்டேன் சார்,” என்றான் திரையில் இருந்தவன். காய்ச்சலுக்கு முந்தைய குரல். இவனுக்குத் தொண்டையில் காற்றுதான் வந்தது.

கணினியை அறைந்து மூடினான். கூடத்தில், மனைவியின் கைபேசி வீடியோ அழைப்பில், அதே குரல் மகளைக் கொஞ்சிக்கொண்டிருந்தது. தவழ்ந்து போய்க் கதவைத் தட்டினான்.

“என்னங்க, நீங்களா தட்டுறீங்க?”

“உன் முன்னாடிதானே உக்காந்திருக்கேன். மேல் வீட்டுக்காரனா இருக்கும்.”

“அந்தாளுக்கு வேற பொழப்பே இல்ல.”

“சாப்பாடு, தண்ணி எல்லாம் உள்ளேயே இருக்கு, கதவத் திறக்காத,” என்றது கைபேசிக் குரல். அதன் பிறகு சாப்பாட்டுத் தட்டு வரவில்லை. தண்ணீரும்.

பதினான்காம் நாள் காலையில் அந்தக் குரல் கைபேசியிலிருந்து வரவில்லை; கூடத்திலிருந்தே வந்தது. நாற்காலி இழுபட்டது. பிஞ்சுக் கால்கள் ஓடின.

“எப்ப வெளிய வந்தீங்க? நான் தாழ்ப்பாளை எடுக்கவே இல்லையே?”

“பாப்பா எடுத்து விட்டா. திரும்பப் போட்டுட்டேன். அந்த ரூம் பூரா கிருமி. இடுக்கையெல்லாம் டேப் போட்டு அடைச்சிடலாம்.”

அவள் சிரித்தாள். நிம்மதியான சிரிப்பு. பதினான்கு நாள் அழுது ஓய்ந்தவள் சிரிப்பது போல.

இவன் தட்டினான். கையில் வலுவில்லை. நகத்தால் சுரண்டினான்.

டேப் கிழியும் ஓசை. கதவின் இடப்பக்க வெளிச்சம் அணைந்தது. மேற்பக்கம். வலப்பக்கம்.

கீழே மட்டும் ஒரு கீற்று. அதில் சின்ன விரல்கள்.

“அப்பா, இத நான் ஒட்டுறேன்.”

“ஒட்டுடா கண்ணு. நல்லா அழுத்து.”