இமை இல்லாத கேமரா

கடைக்குள் நுழைந்ததும் ஜெசிந்தா கழுத்தெலும்புக்குக் கீழே குத்தியிருந்த சாட்சிக்கண் கேமராவை விரலால் தொட்டாள். பச்சைப் புள்ளி எரிந்தது. கடைக்காரர் செல்வநேசனும் தன்னுடையதைத் தொட்டுக்கொண்டார்.

"கண்ணு திறந்திருக்குல்லா?"

"திறந்திருக்கு."

தூத்துக்குடியில் இப்போது மீன் வாங்குவதற்கும் இதுதான் முதல் பேச்சு, பெண் பார்க்கப் போவதற்கும் இதுதான். வணக்கமெல்லாம் அதற்குப் பிறகு.

ஜெசிந்தா சின்னப் பெண்ணாக இருந்தபோதே போலிப் படங்களும் போலிக் குரல்களும் பெருகி, எதையும் நம்ப முடியாமல் போயிருந்தது. சொல்லாததைச் சொன்னதாகவும் செய்யாததைச் செய்ததாகவும் ஆளாளுக்குப் படம் காட்டினார்கள். கடைசியில் சாட்சிச் சட்டம் வந்தது. மெய்முத்திரை பதித்த கேமரா பார்த்தது மட்டுமே நடந்தது. ஒருவர் வாயால் சொல்வது சாட்சி ஆகாது. வெறும் குரல் பதிவும் ஆகாது. கேமராவில் இல்லையென்றால், சட்டத்தைப் பொறுத்தவரை அது நடக்கவே இல்லை.

மகள் அனிலாவுக்குப் பதினாறு வயது. வடகடல் கூட்டமைப்பின் கடல்மீட்புப் பயிற்சிப் பள்ளியில் இடம் கிடைத்திருந்தது. பதினெட்டு நிரம்பாத பிள்ளைகள் வெளிநாடு போனால், பெற்றவர் தேர்ந்தெடுத்துக் கைரேகை வைத்த கேமராவைத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்காகத்தான் தாயும் மகளும் வந்திருந்தார்கள்.

செல்வநேசன் இரண்டை எடுத்து வைத்தார். இரண்டுமே சட்டைப் பித்தான் அளவுதான்.

"இது இமைக்கண். புள்ளைக்குத் தோணும்போது மூடிக்கிடலாம். ஆனா மூடின நேரத்துக்குச் சட்டத்துல மதிப்பு கிடையாது. அந்நேரம் அவளுக்கு என்ன நடந்தாலும் நடக்கலேம்பாங்க."

"இன்னொண்ணு?"

"முழுக்கண். மூடவே மூடாது. குளிக்கையில மட்டும் தானா மங்கும். கழட்டினாலோ கையால மறைச்சாலோ உடனே காவலுக்கு ஆள் வந்துரும். அது பாக்கிறதெல்லாம் அன்னன்னைக்கு உங்களுக்கு வந்து சேரும். அங்க உள்ள எல்லைத்துறைக்கும் போகும்."

"அவங்களுக்கு எதுக்கு?"

"அனுமதி இல்லாத ஆளு முகம் தெரிஞ்சா அவங்க மெஷின் கண்டுபிடிச்சிரும். பேச்செல்லாம் அதுக்குக் கணக்கில்ல, முகம்தான். நமக்கென்ன? நம்ம புள்ளை யோக்கியமா இருந்தா போதும்லா."

அனிலா அம்மாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். "இமை உள்ளதே வாங்குவோம்மா. முழுக்கண் போட்டவகிட்ட ஒருத்தியும் மனசுவிட்டுப் பேச மாட்டா. நீ போட்டிருக்கதுலயும் இமை இருக்குல்லா?"

"நான் எங்கயும் போகல. வீட்டுக்கும் துறைமுகத்துக்கும்தான் போய்ட்டு வாரேன்."

அதற்கு மேல் ஜெசிந்தா விளக்கவில்லை. விளக்க வேண்டியதும் இல்லை. தங்கை ஸ்டெல்லா வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போனவள். முதலாளி சொன்னாரென்று ஒரு மத்தியானம் இமையை மூடினாள். ஊர் திரும்பி அவள் கொடுத்த வழக்கில் நீதிமன்றம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டது: படம் எங்கே? இன்றுவரை ஸ்டெல்லா பின்கட்டு அறையை விட்டு வெளியே வருவதில்லை. ஆட்களைக் கண்டாலே சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

ஜெசிந்தா முழுக்கண்ணின் மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். அனிலா கண்ணைத் துடைத்துக்கொண்டு தெருவைப் பார்த்து நின்றாள்.

போன புதிதில் அனிலா தினமும் பேசினாள். சாப்பாட்டு மேசையில் அவள் உட்கார்ந்தால் மற்றவர்கள் பேச்சை நிறுத்திவிடுகிறார்களாம். முழுக்கண்ணைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம் இருக்கும். தூரத்திலேயே தெரிந்துவிடும். "போகப் போகச் சரியாகிரும்ட்டி" என்றாள் ஜெசிந்தா. சரியாகவில்லை.

ஐஷத் என்ற ஒருத்தி மட்டும் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய தீவு கடலுக்குள் போய்விட்டது. படகு ஓட்டும் படிப்புக்கான அனுமதியில் அங்கே இருந்தாள். ஜெசிந்தா அன்றன்றைக்கு வரும் காட்சிகளில் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டாள். பல் தெரியச் சிரிப்பாள். ரொட்டியில் பாதியைப் பிய்த்துப் பைக்குள் போட்டுக்கொள்வாள். பசி தாங்காத பிள்ளை போலிருக்கிறது என்றுதான் ஜெசிந்தா நினைத்தாள்.

மாசி மாதம் ஒரு மத்தியானம். துறைமுகத்தில், பளுதூக்கி எந்திரங்களைத் திரையில் பார்த்து இயக்கும் அறையில், ஜெசிந்தா சோற்றுப் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு அன்று காலைக் காட்சியை ஓடவிட்டாள்.

படகுத்துறை. ஐஷத் ஓடி வருகிறாள், முகம் வீங்கியிருக்கிறது. அவள் பேசுவது தமிழ் எழுத்தாகத் திரையின் அடியில் ஓடியது. என் தம்பி படகுக் கொட்டகையில் இருக்கிறான். அனுமதி இல்லாமல் வந்தவன். காய்ச்சல். மூச்சு முட்டுகிறது. உனக்குத்தான் என்ன செய்வதென்று தெரியும்.

"ஆம்புலன்ஸ் கூப்பிடு" என்கிறது அனிலாவின் குரல்.

அதோடு எல்லைத்துறையும் வரும். அவனைச் சிறைக் கப்பலில் அடைத்துவிடுவார்கள். அந்தக் கப்பலிலிருந்து யாரும் திரும்பவில்லை.

கொட்டகைக் கதவு திரையில் நெருங்கி வந்தது. பிறகு காட்சி சட்டென்று சுழன்றது. அனிலா கதவுக்கு முதுகைக் காட்டி நின்றுவிட்டாள். திரை முழுக்கச் சாம்பல் நிறத்தில் கடல். அடியில் எழுத்து ஓடியது: திரும்பாதே, திரும்பாதே.

"நான் உள்ள பாக்க மாட்டேன். நீ பாத்துச் சொல்லு. உதடு என்ன நிறம்?"

தெரியவில்லை. இங்கே இருட்டாக இருக்கிறது.

"நெஞ்சு ஏறி இறங்குதா?"

கொஞ்சம். இல்லை. ஏறவில்லை. அனிலா, ஏறவில்லை.

"மல்லாக்கப் படுக்க வை. தாடையத் தூக்கு. நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வச்சு அமுக்கு."

இங்கேயா? இந்த எலும்பிலா?

"எதுலன்னு எனக்குத் தெரியலியே!"

திரையின் கீழ் விளிம்பில் அனிலாவின் இரண்டு கைகளும் வந்தன. ஒன்றின் மேல் ஒன்று வைத்து, வெறும் காற்றை, கடலைப் பார்த்தபடி அமுக்கிக் காட்டின. "இப்படி. இன்னும் ஆழமா. நிறுத்தாத." அவள் பின்னால் இருக்கிறவளுக்கு அந்தக் கைகள் தெரிந்திருக்க வழியில்லை.

ஜெசிந்தா எழுந்து நின்றிருந்தாள். அது காலையிலேயே நடந்து முடிந்த காட்சி என்பது அவளுக்கு மறந்தே போனது. "திரும்புட்டி" என்றாள். "திரும்பு, அனிலா. திரும்பிப் பாரு." பக்கத்து மேசைக்காரர் நிமிர்ந்து பார்த்தார். கடலில் ஒரு மிதவை ஏறி ஏறி இறங்கியது. கைகள் அமுக்கிக்கொண்டே இருந்தன, தளர்ந்தன, நின்றன. அடியில் ஓடிய எழுத்தும் நின்றது. பிறகு அழுகைச் சத்தம் மட்டும் வந்தது. அதற்கு மொழிபெயர்ப்பு இல்லை.

காட்சி முடிந்ததும் வழக்கமான குறிப்பு வந்தது: குறிப்பிடத்தக்க நிகழ்வு எதுவும் இல்லை.

சாயங்காலம் அனிலா அழைத்தாள்.

"பாத்தியாம்மா?"

"பாத்தேன்."

"ஐஷத் அவனைக் கடல்ல விட்டுட்டா. பள்ளிக்கூடப் படகுல கொண்டு போய். புதைக்கணும்னா ஆள் யாருன்னு காட்டணும்லா. நான் கரையில உக்காந்து தரையப் பாத்துட்டு இருந்தேன்."

"ஐஷத் எங்க?"

"அறைக்குள்ள இருக்கா. நான் போனா கதவச் சாத்திக்கிடுதா."

ஜெசிந்தா சுவரில் சாய்ந்தாள். பின்கட்டில் ஸ்டெல்லா இருமுவது கேட்டது. அந்த மாதிரி ஒன்று தன் மகளுக்கு நடந்துவிடக் கூடாதென்றுதானே வாங்கிக் கொடுத்தேன் என்பது வாய் வரை வந்து நின்றது.

"அம்மா, நான் திரும்பியிருந்தா அவனைப் பிடிச்சிட்டுப் போயிருப்பாங்க."

"ஆமா."

"கப்பல்லயாவது உயிரோட இருந்திருப்பான்லா?"

என்ன சொன்னாலும் மகளுக்கு அது ஆயுசுக்கும் கூடவே வரும்.

"திரும்பாத, திரும்பாதன்னு ஐஷத்தான் கதவுகிட்ட வச்சுச் சொன்னா. நானும் திரும்பல. கடைசி வரைக்கும் கூட நின்னேன், ஆனா அவன் எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியாதும்மா. கதவுகிட்ட திரும்பும்போது ஓரத்துல எங்கயாவது பட்டிருக்குமோ? நீ நல்லாப் பாத்தியா? அவன் முகம் கொஞ்சமாவது வந்திருக்கா?"

ஜெசிந்தா மத்தியானத்திலிருந்து அதைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு நொடியாக நிறுத்தி, பெரிதாக்கி, கதவிடுக்கில், ஈரப் பலகையில் எல்லாம் தேடிவிட்டாள்.

"இல்லட்டி" என்றாள். "கடல் மட்டும்தான் இருக்கு."