அளவுக்கு நின்றவள்

திருத்தங்கல் அச்சகம் ஒன்றில் கணினிப் பிரிவு என் பொறுப்பு. அன்று காலை அன்பரசன் அத்தான் வழக்கம்போல பைக்கில் வந்து இறங்கினார். இருபதாம் நூற்றாண்டின் நவீனக் கட்டடங்களைப் பற்றிய தகவல் நூல் அச்சாகிக்கொண்டிருந்தது. அவரும் என் அக்கா இசைவாணியும் பதினோரு வருடம் ஊர் ஊராக அலைந்து தொகுத்தது.

படமெடுக்கும்போது ஒவ்வொரு கட்டடத்தின் முன்னாலும் அக்காதான் நிற்பாள். ஆள் நின்றால்தான் உயரம் தெரியும் என்பாள். கடைசியாக ஆமத்தூர்ப் பக்கம் மூடிக்கிடந்த ஒரு மில்லின் கான்கிரீட் முகப்பின் கீழ் நின்றாள். அது இடிந்து அவள் மேல் விழுந்தது.

"அவளைப் பாத்தா எனக்கு வேலையே ஓடல. படத்துல இருந்து எடுத்துரு தாயி" என்று அத்தான் போன மாதம் கண்கலங்கக் கேட்டிருந்தார். நம்பினேன். இருநூறு படங்களிலும் அக்காவை என் கையாலேயே அழித்தேன்.

முன்தினம் முதல் பக்கத்தைப் பார்த்தபோதுதான் அவர் புத்தி தெரிந்தது. தொகுத்தவர் என்று அவர் பெயர் மட்டும் இருந்தது. அவர் வந்ததும் கேட்டேன்.

"அக்கா பேரப் போடுங்க அத்தான்."

"செத்தவளுக்கு இனி பேரு எதுக்கு?" என்றபடி அச்சான தாள்களைப் புரட்டினார்.

அவர் கை நின்றது.

முதல் படத்தில், வாசலருகே, நகத்தளவில் அக்கா நின்றாள். அடுத்த கட்டடத்தில் விரலளவு. அதற்கடுத்ததில் முகம் தெரிந்தது. தாளுக்குத் தாள் அவள் எங்களை நோக்கி வந்துகொண்டிருந்தாள்.

கடைசிப் படம் அந்த மில்.

முகப்பின் கீழ் யாருமில்லை.

மை வாடையை மீறிச் சிமெண்டுப் புழுதி வாடை அடித்தது. அத்தானின் முதுகுக்குப் பின்னால் அக்காவின் குரல் மெல்லக் கேட்டது.

"இன்னும் ரெண்டடி பின்னாடி போங்க."

அத்தானுக்கு வேர்த்துக் கொட்டியது. "விரிசலப் பாத்தேன்... விழும்னு நினைக்கலயே. படத்துக்காகத்தான அவள பின்னாடி போகச் சொன்னேன்" என்று முணுமுணுத்தார்.

எங்களிடம் அவர் சொன்னது வேறு. தடுக்கத் தடுக்க அவளே போய் நின்றாளாம்.

தாள்களைப் போட்டுவிட்டு ஓடினார். பைக்கைக்கூட எடுக்கவில்லை.

முதலாளி நாகூர் கனியிடம் சொல்லி, அக்கா பெயரை முதலில் போட்டு, நான் அழிப்பதற்கு முந்தைய படங்களைச் சேர்த்து மறுபடி அச்சிட்டோம். எல்லாப் படத்திலும் அவள் தன் இடத்தில் நிற்கிறாள். மில் படத்தில் மட்டும் முகப்பின் கீழ் காலியாகவே அச்சாகிறது.

கணினி முன் உட்கார்ந்தால், என் நாற்காலிக்கு இரண்டடி பின்னால் சிமெண்டு வாடை வருகிறது. நான் திரும்பிப் பார்ப்பதில்லை. அவளை அழித்தது என் கைதானே.