அவன் எடுக்காத டைம்-அவுட்

“டைம்-அவுட் கேட்டது காதுல விழலையா?”

ஸ்கோர் மேஜைமீது ஒரு நெடிய நிழல் விழுந்தது. ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த அவள் நிமிர்ந்தாள். வியர்வை வழியும் முகம்... கோபத்திலும் சிரிப்பதுபோலவே இருக்கும் கண்கள். வாலிபால் இறுதி ஆட்டத்தில் அவள் அண்ணனை எதிர்த்து ஆடும் கேப்டன். எலக்ட்ரீஷியன். உயரத்தைப் பார்த்து எல்லோரும் வைத்த பெயர், ஏணி.

“ஒரு செட்டுக்கு ரெண்டுதான். உங்களுக்கு ரெண்டும் முடிஞ்சுது.”

“ஒண்ணுதாங்க எடுத்தோம்!”

“ஷீட்டுல ரெண்டு இருக்கு.”

“அது சரி... அந்த கேப்டனோட தங்கச்சி கையில பேனா இருந்தா, ரெண்டென்ன, இருபதுகூட இருக்கும்!”

சுருக்கென்றது அவளுக்கு. கெண்டைக்கால் பிடித்துக்கொண்ட ஆட்டக்காரனோடு, மூச்சுவிட அவகாசமில்லாமல், அவன் அணி கடைசி செட்டை 13-15 என்று இழந்தது.

மறுநாள் காலை. தான் வேலை பார்க்கும் மருந்துக்கடையில், கூட்டம் வருமுன் ஷீட்டைப் படியெடுக்க உட்கார்ந்தவளின் பேனா நின்றது. கடைசி செட்டில் எட்டாவது பாயின்ட் வந்ததும் இரு அணிகளும் பக்கம் மாறும். மாறிய பிறகு இடப்பக்கமிருந்து கை தூக்கியது... அண்ணன்! அதுவரை இடப்பக்கம் நின்றது ஏணியின் அணி; பழக்கதோஷத்தில் அந்த டைம்-அவுட்டை அவள் அவர்களுக்கே எழுதிவிட்டாள்.

அன்றே வாலிபால் சங்கச் செயலாளரிடம் போய்ச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அந்த செட்டை மறுபடி ஆட வேண்டும் என்று முடிவானது.

“கூடப்பிறந்தவளா நீ? ஜெயிச்ச கப்பை நானே தூக்கிட்டுப் போய்க் கொடுக்கணும்!” அத்தோடு அண்ணன் பேச்சை நிறுத்திக்கொண்டான்.

வாரம் முழுக்க மழை. பின்னால் மர ஏணி கட்டிய அவன் பைக் தெருவில் போகும்போதெல்லாம் அவள் மனசு வாசலுக்கு ஓடியது. ஒரு தலைவலி மாத்திரைக்காவது வரக்கூடாதா...? வரவில்லை. எதிர்க்கடை விளக்கைப் பழுது பார்த்தவன் அரைமணி நேரம் முதுகைத்தான் காட்டினான். கோபம்... இருக்காதா பின்னே?

ஞாயிற்றுக்கிழமை அவன் அணி மறுபடி தோற்றது. 14-16. இம்முறை யாருக்கும் குறையில்லை. ஷீட்டில் கையெழுத்துப் போட வந்தான்.

“எங்களுக்கு டைம்-அவுட் ஏதாவது மிச்சம் இருக்கா?”

“ஒண்ணு இருக்கு... அதை நீங்க எடுக்கவே இல்லையே.”

“இப்ப எடுத்துக்கறேன்.”

டைம்-அவுட்டுக்கு முப்பது செகண்ட். ஸ்டாப்வாட்சை அழுத்தினாள். அதைவிட வேகமாக ஓடியது நெஞ்சு. கையெழுத்துப் போட்ட பேனாவை அவன் மூடி வைத்தான்.

“அன்னிக்கு நான் சொன்னது தப்பு. உங்க முகத்துல முழிக்க வெட்கமா இருந்துச்சு... எதிர்க்கடை லைட் ரெண்டு நிமிஷ வேலைதாங்க. மீதி நேரமெல்லாம் அந்தக் கடைக் கண்ணாடியில உங்களைத்தான் பார்த்துக்கிட்டிருந்தேன். எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு.”

ஷீட்டில் ஒரு மழைத்துளி விழுந்தது. மை பரவியது. அவள் துடைக்கவில்லை.

“தலைவலின்னு ஒரு பொய்யாவது சொல்லிட்டு வந்திருக்கலாம்ல...? வாசலையே பார்த்துப் பார்த்து எனக்குத்தான் தலைவலி வந்துச்சு.”

கோப்பையைத் தோளில் சாய்த்தபடி வந்த அண்ணன், ஒரு வாரத்துக்குப் பிறகு முதன்முதலாக வாய் திறந்தான்.

“ஏய்... முப்பது செகண்ட் எப்பவோ முடிஞ்சாச்சு!”

ஸ்டாப்வாட்சை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டாள் அவள்.

“சும்மா இருண்ணா... எனக்கு இன்னும் முடியல.”