நாற்பத்தொரு சென்டிமீட்டர்

திங்கட்கிழமை நாற்பத்தொரு சென்டிமீட்டரில் இருந்த கறுப்புப் பட்டை, புதன்கிழமை முப்பத்தெட்டில் இருந்தது.

ஜூலி அளவுகோலைத் துடைத்து மறுபடியும் வைத்தாள். முப்பத்தெட்டுதான். பகலெல்லாம் மைசூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் அறிக்கை தட்டச்சு செய்துவிட்டு, வாரம் மூன்று மாலை நிலவியல் வகுப்புக்கு ஓடிவருகிறவள் அவள். பசியில் கண் இருட்டும் நேரத்தில் ஓர் எண் தவறிப்போவது பெரிய அதிசயமில்லை. திங்களன்று எழுதியதை ஹ்ருஷிகேஷ் சார் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். அப்படியானால் தவறு இன்றைக்குத்தான். பதிவேட்டில் நாற்பத்தொன்று என்றே எழுதினாள். வீட்டுக்குப் போய் டைரியிலும் அதையே எழுதினாள்.

எங்கோ கடலடியில் துளையிட்டு எடுத்த பாறை உருளை அது. ஒரு மீட்டர் நீளம், உள்ளங்கை அகலம், மரப்பெட்டியில் படுத்திருந்தது. மேல் நுனியில் சிவப்பு அம்புக்குறி. அங்கிருந்து பட்டை வரை அளப்பதும், பட்டையில் சுரண்டிய தூளில் மணிகளை எண்ணுவதும் அவளுக்குக் கொடுத்த பயிற்சி. கடுகில் பாதிகூட இல்லாத கண்ணாடி மணிகள். டைனோசர்களை அழித்த விண்கல் விழுந்த இடத்தில் பாறையே ஆவியாகி, வானேறி, குளிர்ந்து, மழையாக இறங்கியவை.

"பட்டைக்குக் கீழே பாரும்மா, புழு குடைஞ்ச வளையா இருக்கும். மேலே ஒண்ணும் இருக்காது," என்று முதல் வகுப்பில் சார் சொல்லியிருந்தார். "கீழே உசிரு. மேலே வெறும் மண்ணு. நடுவுல அந்த ஒரு நாள்."

"அம்புக்குறி இருக்கிற நுனி, சார்?"

"அதுவா? அது இன்னிக்கு."

வெள்ளிக்கிழமை இருபத்தொன்பது. அடுத்த திங்கள் பதினேழு. ஒவ்வொரு முறையும் அவள் கண்ணை நம்பாமல் சாரின் கையெழுத்தை நம்பி நாற்பத்தொன்று என்று எழுதினாள். பெட்டியைத் திறக்கும்போது, இரண்டு கல்லை உரசியதுபோல ஒரு கருகல் வாடை மூக்கில் ஏறி, பஸ்ஸிலும் சாப்பாட்டுத் தட்டிலும் கூடவே வந்தது. மூடிய பெட்டியின் மேல் காதை வைத்தால், யாரோ பக்கத்து அறையில் முறத்தில் அரிசியை மெல்லச் சாய்ப்பதுபோல ஒரு சரசரப்பு, நிற்காமல், அவசரமில்லாமல், ஒரே திசையில்.

புதன்கிழமை ஆறு. அவளால் தாங்க முடியவில்லை.

"சார், பட்டை மேலே வருது."

ஹ்ருஷிகேஷ் விடைத்தாள் கட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "கல்லுக்குக் காலு முளைச்சுடுத்தா?"

"ஒரு தடவை வந்து பாருங்க சார். ப்ளீஸ்."

அவர் வந்தார். பெட்டியைப் பார்க்கவில்லை, பக்கத்தில் விரித்திருந்த பதிவேட்டைப் பார்த்தார். நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று.

"இது உன் கையெழுத்துதானே?"

"ஆமா சார். ஆனா நான் திருத்தி..."

"திருத்தினியா? சரியாத்தானேம்மா இருக்கு." பெட்டியின் மூடியைச் சாத்தினார். "வீட்டுக்குப் போய் ஊட்டா பண்ணு, வயிறு நிறையச் சாப்பிட்டுத் தூங்கு."

அவள் எழுதிய ஒரு காகிதத்திலும் உண்மை இல்லை.

வீட்டில் அம்மா மரியபுஷ்பம் ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து ஜெபமாலை மோதிரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். பத்து குமிழ் வைத்த வெள்ளி மோதிரம். நோயாளியின் கட்டில் கம்பியில் நசுங்கி ஒரு குமிழ் போய்விட்டது. ஒன்பதை மோதிரத்திலும் பத்தாவதை நகத்திலும் எண்ணுவாள்.

"வெள்ளிக்கிழமை லீவு போடும்மா. எங்கயாவது போயிடலாம்."

"எங்க போறது?"

ஜூலி ஜன்னல் வழியே மேலே பார்த்தாள். வானம் இல்லாத ஊர் எது?

"பைத்தியம்," என்று அவள் தலையைத் தடவினாள் அம்மா.

வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஆய்வறையில் யாரும் வந்திருக்கவில்லை. மூடியைத் தூக்கினாள். உருளையின் உடம்பு முழுக்கப் புழு வளைகள். பட்டையைக் காணோம். அம்புக்குறி நுனியைத் தன் பக்கம் திருப்பினாள். அந்த வட்ட முகம் முழுவதும் கறுப்பு. ஈரம்போல மினுங்கியது.

பூஜ்யம்.

கறுப்புக்கு நடுவில் ஒரு குழி. லென்ஸை வைத்தாள். குழியில் இரண்டு விரல்களின் அச்சு, ரேகையோடு. எதையோ ஏந்துவதுபோல வளைந்த விரல்கள். ஏந்திய இடத்தில் மணிகள் குவிந்திருந்தன. ஒரு விரலின் அடியில் மோதிரத்தின் தடம். குமிழ்களை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள்.

ஒன்பது. பிறகு ஓர் இடைவெளி.

போனை எடுத்தாள். இரண்டு முறை தவறாக அழுத்தினாள்.

"அம்மா, எங்க இருக்க?"

"பஸ்ஸ விட்டு இறங்கிட்டேன். சர்ச்சுகிட்ட நடக்குறேன். ஏன்டீ மூச்சு வாங்குது?"

"உள்ள போ. எந்தக் கடையா இருந்தாலும் சரி. உள்ள போம்மா."

"இரு, இங்க எல்லாரும் மேலயே பாத்துட்டு நிக்கிறாங்க. சாமுண்டி மலைப் பக்கம் ஏதோ வெளிச்சம். காக்கா ஒண்ணுகூட கத்தல."

ஜூலியின் நிழல் மேசைமேல் விழுந்திருந்தது. கூர்மையாக. அந்த ஜன்னல் கிழக்கைப் பார்த்தது. நேரம் ஆறேகால்.

"அம்மா, மோதிரத்தக் கழட்டு. கையை உள்ள வெச்சுக்கோ. நான் சொல்றதக் கேளு."

"என்னடீ உளறுற?"

வெளியே சைக்கிள் நிறுத்தத்தின் தகரக் கூரையில் ஒரு சத்தம். டிக். நின்றது. டிக், டிக். பிறகு, முறத்தில் அரிசி சாய்வதுபோல.

"அட, கடுகு மாதிரி என்னமோ விழுது பாப்பா," என்றாள் அம்மா. குரலில் சின்னப் பிள்ளையின் ஆச்சரியம்.

"கையை நீட்டாத. அம்மா. நீட்டாத."

"கையிலதான் புடிச்சிருக்கேன். கண்ணாடி மாதிரி இருக்கு. லேசா சுடுது..."

லென்ஸுக்கு அடியில், கல்லுக்குள், அந்த இரண்டு விரல்களும் மெல்ல மூடிக்கொண்டன.